உறுதியும் உரித்தும்

சென்ற ஆண்டு மழைக்காலத்து மாலை ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மனைவியாருடன் என் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திற் பிறந்து, மலைநாட்டுப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகள் படிப்பித்தவர். மகள் பேராதனையிற் கடமையாற்றுகின்றாள். எஞ்சிய காலத்தை அவளருகிற் கழிக்கவேண்டுமென்பது இருவரதும் ஆசை. அதற்கென இருபது பேர்ச் காணி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தனர். ஆசிரியரின் கையிற் பழைய பிஸ்கட் தகரம் ஒன்று இருந்தது. விற்பவர் கொடுத்த கடதாசிகள் எல்லாம் அதற்குள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் முத்திரை உண்டு. நொத்தாரிசின் கையொப்பம் உண்டு. பதிவு இலக்கமும் உண்டு. “எல்லாம் சரிதானே, ஐயா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ உடனே விடை சொல்ல எவராலும் இயலாது. ஏன் இயலாது என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

உறுதி என்பது வேறு, உரித்து என்பது வேறு. உறுதி ஒரு கடதாசி. உரித்து ஒரு தகுதி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச்சட்டம், நிலத்தை விற்பதாயின் அது எழுத்திலிருக்க வேண்டும், உரிமம் பெற்ற நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும், அன்றேல் செல்லாது என்று விதித்தது. இன்றளவும் நம் நாட்டுக் காணிக் கொடுக்கல் வாங்கல்களுக்கு அடிப்படை இதுவே. ஆயினும் இவ்விதி என்ன சொல்கின்றது என்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும். முறைப்படி எழுதாத விற்பனை செல்லாது என்கின்றதே தவிர, முறைப்படி எழுதிய விற்பனை எல்லாம் உரித்தைக் கொடுக்கும் என்று அது சொல்லவில்லை. தம்மிடம் இல்லாத ஒன்றை ஒருவர் எத்துணை அழகிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாலும், வாங்கியவரிடம் சேர்வது அந்த எழுத்து மாத்திரமே.

“பதிவு செய்திருக்கின்றார்களே!” என்று நேயர்கள் கேட்கக்கூடும். காணிப் பதிவகத்திற் பதிவாவது உறுதியேயன்றி உரித்து அன்று. கொடுக்கப்பட்ட உறுதி செல்லுபடியானதா, கையொப்பமிட்டவருக்கு நிலம் உண்டா என்று பதிவகம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. போலி உறுதியைப் பதிந்தாலும் அது போலியாகவே இருக்கும். அங்ஙனமாயின் பதிவால் வரும் பயன் யாது? 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டம் முந்துரிமை என்றொரு விதியை வைத்திருக்கின்றது. நிலச் சொந்தக்காரர் ஒருவர் தை மாதத்தில் உங்களுக்கு விற்கின்றார். நீங்கள் உறுதியை வாங்கிப் பெட்டியிற் பூட்டி வைக்கின்றீர்கள். மாசியில் அவரே அந்நிலத்தை வேறொருவருக்கும் விற்கின்றார். அந்த இரண்டாமவர் பெறுமதி கொடுத்து வாங்கி, மோசடியிற் பங்கில்லாதவராயிருந்து, தம் உறுதியை முதலிற் பதிந்துவிட்டால், பதியப்படாத உங்கள் உறுதி அவருக்கெதிராகப் பயனற்றுப் போகும். தையில் வாங்கியவர் தோற்பார். மாசியில் வாங்கியவர் வெல்வார். நொத்தாரிசு உறுதியின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். அவ்வாறு அனுப்புவது வேறு, உறுதியைப் பதிவித்துக் கொள்வது வேறு என்பதைப் பலர் அறியார்.

உறுதியைப் பதியாமல் உரித்தையே பதியும் முறையும் உலகில் உண்டு. தென் அவுஸ்திரேலியாவில் றொபேட் றிச்சட் ரொறன்ஸ் என்பவர் 1858இல் அதனைச் சட்டமாக்குவித்தார். அம்முறையில் அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கின்றதோ அவரே உரித்தாளர். பழைய உறுதிகளைக் கிளறவேண்டிய தேவையில்லை. நம் நாட்டிலும் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் அதற்கு வழி செய்தது. 2007இல் ‘பிம்சவிய’ என்ற பெயரில் வேலையும் தொடங்கிற்று. எனினும் நாடு முழுவதையும் அது இன்னும் எட்டவில்லை. நீங்கள் வாங்கும் காணிக்கு உரித்துச் சான்றிதழ் உண்டாயின் உங்கள் பாடு எளிது. இல்லையாயின் தகரப்பெட்டியைத் திறந்துதான் ஆகவேண்டும். ஆசிரியர் கொண்டுவந்த பெட்டிக்குள் உரித்துச் சான்றிதழ் இருக்கவில்லை.

உறுதிக் கட்டை மேலிருந்து கீழாக, அதாவது புதியதிலிருந்து பழையதற்கு வாசிக்கவேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் நின்று, இதைக் கொடுத்தவர் யார், அவருக்கு எப்படி வந்தது, கொடுக்க அவருக்குத் தகுதி இருந்ததா என்று கேட்கவேண்டும். முப்பது ஆண்டுக்காலப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது சட்டத்தரணிகளின் வழக்கம். கண்டிப் பகுதியில் அதற்கும் அப்பாற் போவது நன்று என்பது என் அபிப்பிராயம். ஆசிரியருடைய பெட்டியின் அடியிற் கிடந்த மிகப் பழைய உறுதியே அதற்குச் சான்றாயிற்று.

அது சிங்களத்தில் எழுதப்பட்டது. ஏக்கர் இல்லை, பேர்ச் இல்லை. இத்தனை லாகை குரக்கன் விதைப்பு நிலம் என்றிருந்தது. கண்டி நாட்டார் வயலை அமுணம், பேலை, லாகை என விதைநெல்லின் அளவாற் கணித்தனர். மேட்டுநிலத்துக்குக் குரக்கன் விதையே அளவாயிற்று. எத்தனை விதை விழும் என்பது மண்ணையும் விதைப்பவர் கையையும் பொறுத்தது. ஆகையால் இவ்வளவைப் பேர்ச்சாக மாற்றிக் கணக்கிட்டு விலை பேசுவது மணலைக் கயிறாகத் திரிப்பது போலாகும். யாழ்ப்பாணத்துப் பரப்பு என்றால் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று ஆசிரியருக்கு மனப்பாடம். இங்கே அந்த வாய்பாடு உதவவில்லை. எல்லைகளோ, கிழக்கே நீரோடை, தெற்கே இன்னாருடைய வேலி, மேற்கே எல்லைக் கல் என்றிருந்தன. வேலிக்காரர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது.

காணியின் பெயர் ‘ஹேன’ என்று முடிந்தது. சிங்களத்தில் ‘வத்த’ தோட்டத்தையும், ‘கும்புர’ வயலையும், ‘ஹேன’ சேனை நிலத்தையும் குறிக்கும். கண்டிப் பகுதியிற் சேனை என்ற சொல்லைக் கண்டால் வாங்குபவர் சற்றே தரித்து நிற்கவேண்டும். ஒல்லாந்தர் தாம் ஆண்ட கரையோரங்களில் தோம்பு எழுதி வைத்தனர். கண்டி இராச்சியம் அவர்கள் கைக்கு வராததால் இங்கே தோம்பு இல்லை. இந்தக் குறையையே காரணமாகக் கொண்டு, ஆங்கில அரசாங்கத்தார் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தில், தோம்பு இல்லாத கண்டி மாகாணங்களின் சேனை நிலம் முடிக்குரியதெனக் கொள்ளப்படும் என்றனர். அரசன் வழங்கிய சன்னஸ் முதலிய பட்டயத்தையேனும், வழக்கமான வரியோ ஊழியமோ செலுத்தி வந்தமையையேனும் காட்டினாலன்றிக் குடியானவர் தம் சேனையைத் தமதென்று சொல்ல இயலாதாயிற்று. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடிய காலம் அது என்பதையும் நினைவிற் கொள்க. பிற்காலத்தில் 1931ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச்சட்டத்தின்படி பல கிராமங்களில் எது அரசுக்கு, எது தனியாருக்கு என்று தீர்மானித்து வர்த்தமானியிற் கட்டளைகளை வெளியிட்டனர். ‘ஹேன’ என்ற பெயர் இருப்பதனாலேயே காணி அரசினுடையது என்று அஞ்சவேண்டியதில்லை. நிர்ணயக் கட்டளை உண்டா என்று விசாரிக்கவேண்டும். ஆசிரியர் விசாரித்தார், இருந்தது, தனியாருக்கென விடப்பட்ட நிலமே அது.

தோம்பு இல்லையென்றதும் கண்டியார் நில ஆவணமே அறியாதவர் என்று எண்ணிவிடலாகாது. பேராதனையிலிருந்து அதிக தூரமில்லாத இலங்காதிலக விகாரைக்குச் சென்றவர்கள் அங்குள்ள பாறைச் சாசனத்தைக் கண்டிருப்பர். நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்த அவ்விகாரைக்கு அளித்த நிலங்கள் பற்றி அங்கே சிங்களத்திலும் தமிழிலும் பொறித்து வைத்திருக்கின்றனர். நம் மொழியில் எழுதிய காணிப் பத்திரம் ஒன்று அறுநூற்றெண்பது ஆண்டுகளாக அம்மலையில் வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கின்றது.

பெட்டிக்குத் திரும்புவோம். ஆசிரியர் பழசென்று ஒதுக்கி வைத்த ஒரு வரைபடப் பிரதிதான் எனக்கு அதிக மகிழ்ச்சியைத் தந்தது. அதன் மூலையிற் கண்டி மாவட்ட நீதிமன்றப் பாகப்பிரிவினை வழக்கொன்றின் இலக்கம் இருந்தது.

அதன் அருமையை அறியப் பங்குரிமை என்னும் சிக்கலை அறியவேண்டும். பாட்டனார் ஒருவர் மரண சாதனம் எழுதாமல் இறக்கின்றார்; பிள்ளைகள் நால்வர் சமபங்காக உரித்தடைகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவருக்குக் கால்பங்கு. அந்தக் கால்பங்கு காணியின் எந்த மூலையில் இருக்கின்றது? எந்த மூலையிலும் இல்லை. எல்லா மூலையிலும் இருக்கின்றது. ஒவ்வோர் அங்குல மண்ணிலும் நால்வருக்கும் பங்குண்டு. மூத்தவர் வேலியடைத்து, வீடு கட்டி, தென்னை வைத்து, ஒரு துண்டைக் காட்டி ‘இது என்னுடையது’ என்று விற்கலாம். வாங்குபவருக்குப் போய்ச் சேர்வது பிரிக்கப்படாத கால்பங்கே. நில அளவையாளர் வரைந்த படம் அதனுடன் இருந்தாலும், மற்ற மூவரும் சம்மதித்துப் பங்கீட்டு உறுதி எழுதாதவரை அப்படம் ஒருவருடைய விருப்பத்தின் சித்திரமேயாகும்.

பத்து ஆண்டுகள் எதிர்ப்பின்றி ஆண்டவருக்கு நிலம் சொந்தம் என்பது பலருடைய நம்பிக்கை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், பிறர் உரிமையை ஏற்காது, தமதென்று கொண்டாடிய இடையறாத பத்தாண்டு ஆட்சியையே சொல்கின்றது. பங்காளரிடையே இது எளிதிற் பொருந்தாது. 1911இல் கொறயா எதிர் ஐசெறிஸ் அப்புகாமி என்ற வழக்கிற் பிரிவிக் கவுன்சில், ஒரு பங்காளரின் ஆட்சி மற்றப் பங்காளருக்காகவும் நடந்த ஆட்சியே என்று தீர்த்தது. மற்றவர்களை வெளியேற்றியதற்குச் சமமான செயல் ஒன்றை நிரூபிக்காமல் ஆண்டுக் கணக்கு மாத்திரம் உதவாது. நகரத்துக்குத் தொழில் தேடிப்போன தங்கையின் பிள்ளைகள் நாற்பது ஆண்டுகளின் பின் வந்து பங்கு கேட்டால், முகத்திற் கதவைச் சாத்த முடியாது.

“எங்கள் ஊரிற் பங்கை விற்பதென்றால் முதலிற் பங்காளருக்கு அறிவிக்கவேண்டுமே?” என்று ஆசிரியரின் மனைவியார் கேட்டார். தேசவழமையில் அப்படி ஒரு முன்வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அதன் முறையை வகுத்தது. பேராதனைக் காணிக்கு அவ்வழமை இல்லை. இங்கே பங்காளருக்குத் தெரியாமலே பங்கு கைமாறிவிடலாம்.

இச்சிக்கலை வேரோடறுப்பது நீதிமன்றப் பாகப்பிரிவினையாகும். 1951ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டமும், இப்போது நடைமுறையிலுள்ள 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும், சில விலக்குகள் நீங்கலாக, இறுதித் தீர்ப்பை உலகத்தார் எவரையும் கட்டுப்படுத்துவதாக்கின. அதற்கு முந்திய உறுதிகளிலுள்ள குளறுபடிகள் பெரும்பாலும் அங்கே தீர்ந்துபோம். ஆசிரியர் காட்டிய வரைபடம் அத்தகைய தீர்ப்பொன்றின் படம். 1968இல் தீர்ந்த வழக்கு அது. விற்பவரின் தாயாருக்கு 1 றூட் 12 பேர்ச் கொண்ட துண்டு தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. அம்மையாருடைய உரித்து கல்லிற் பொறித்தது போலிருந்தது. (பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருக்கும் காணியை வாங்குவது இதற்கு நேர்மாறு. வழக்கு அறிவித்தல் பதிவான பின்னர் எழுதும் விற்பனையைச் சட்டம் செல்லாதென்கின்றது.)

அடுத்த கண்ணியிலே ஆபத்து இருந்தது. தாயார் அத்துண்டை 1994இல் மகனுக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்திருந்தார். மகன்தான் இப்போது விற்பவர். உறுதி முறைப்படி எழுதப்பட்டது, சாட்சிகள் உண்டு, பதிவும் உண்டு. நான் ஆசிரியரைக் கேட்டேன்: “அந்த அம்மா இருக்கின்றாரா?” “இருக்கின்றார். எண்பது வயதுக்கு மேல். பின்னறையிற் படுத்திருந்தார். எங்களுக்குத் தேநீர் கொடுக்கும்படி மருமகளிடம் சொன்னவர் அவர்தான்” என்றார்.

அக்குடும்பத்தினர் கண்டிச் சிங்களவர். 1815ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தத்தின் பின்னும் அவர்களுடைய வழமைச் சட்டம் நின்று நிலைத்தது. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அதிற் சிலவற்றை எழுத்தில் வரையறுத்தது. அதன்படி, நன்கொடை கொடுத்த கண்டிச் சிங்களவர் தம் வாழ்நாளில் எப்போதும், பெற்றவரின் சம்மதமோ வேறெவரின் சம்மதமோ இன்றி, அக்கொடையை மீளப் பெறலாம். காரணம் காட்டவேண்டியதில்லை; நீதிமன்றம் செல்லவேண்டியதில்லை; நொத்தாரிசு முன்னிலையில் ரத்துறுதி எழுதினாற் போதும். கொடை அற்றுப்போகும். இடையில் மகனிடமிருந்து வாங்கியவரின் உரித்து அக்கொடையையே நம்பி நின்றதாகையால், அவரும் அடித்தளம் இல்லாமல் நிற்க நேரும்.

இதற்கு விலக்குகள் உண்டு. பௌத்த பிக்குவுக்கோ விகாரைக்கோ கொடுத்ததையும், அறக்கட்டளையாகக் கொடுத்ததையும், நடக்கவிருந்த திருமணத்தை முன்னிட்டுக் கொடுத்ததையும் மீட்க இயலாது. நான்காவது விலக்கே வாங்குபவருக்கு முக்கியமானது: ‘மீளப்பெறும் உரிமையைத் துறக்கின்றேன்’ என்றோ அதே பொருள்பட வேறு சொற்களாலோ, கொடையுறுதியிலேயே அல்லது பின்னர் எழுதிய உறுதியில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மீட்க முடியாது. ‘என்றென்றைக்கும் கொடுத்தேன்’, ‘பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் வரை அனுபவிக்கக் கடவர்’ என்ற அலங்காரச் சொற்களை நம்பியிருப்பது புத்தியன்று. ஆசிரியர் கொண்டுவந்த உறுதியை மூன்று முறை வாசித்தேன். துறக்கும் வாசகம் இல்லை.

கண்டியில் வாழ்பவர் எல்லாருக்கும் இச்சட்டம் உரியதன்று என்பதையும் கூறவேண்டும். அங்குள்ள தமிழருக்கோ முஸ்லிம்களுக்கோ கரைநாட்டுச் சிங்களவருக்கோ அது பொருந்தாது. பொதுச் சட்டத்தின்படி கொடுத்த நன்கொடை மீளாதது. பெற்றவர் பெருநன்றிக்கேடு புரிந்தாற்போன்ற சில காரணங்களுக்காக நீதிமன்ற வழியே அதை மீட்கலாம். அந்த நன்றிக்கேட்டு வழக்குகளுக்கென்று 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கின்றது. ஆகவே கொடையுறுதி கையில் வந்ததும் கொடுத்தவர் யார், எச்சட்டத்துக்குரியவர் என்று கேட்கவேண்டும்.

“இதென்ன அநியாயச் சட்டம்!” என்றார் ஆசிரியர். வாங்குபவரின் பக்கம் நின்றால் அப்படித்தான் தோன்றும். நான் அவ்வாறு கருதவில்லை. பின்னறையிற் படுத்திருக்கும் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். தமக்கிருந்த ஒரே நிலத்தை மகன் தம்மைப் பார்ப்பான் என்ற நம்பிக்கையில் எழுதிக் கொடுத்தவர் அவர். அவருக்குக் கஞ்சி வார்க்கும் கையை அசையாமல் வைத்திருப்பது அந்த மீளுரிமைதான். நிலத்தை விற்றுக் காசாக்கிவிட்டால், அவரிடம் மீதியாயிருப்பது யாது?

வேறு வகைப் பத்திரங்கள் பற்றியும் சில வார்த்தை. அரசு குடியேற்றக் காணிகளை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமாகவும், ஸ்வர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் அளிப்புப் பத்திரமாகவும் வழங்கியிருக்கின்றது. அழகிய முத்திரையுடன் இருக்கும். எனினும் பிரதேசச் செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்றால் அவ்விற்பனை வெறுமையாகும். பழைய தேயிலைத் தோட்டத்தைத் துண்டாடி விற்பதாயின், 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு விதித்ததை நினைத்து, அந்நிலம் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குப் போகாமல் சொந்தக்காரரிடமே விடப்பட்டதற்கான பத்திரத்தைக் கேளுங்கள். எம்பெக்க, இலங்காதிலக முதலிய தலங்களைச் சூழ்ந்த ஊர்களில், நிலம் கோயிலுக்கே உரிய முத்தெட்டா, அல்லது ஊழியத்துக்காகப் பரம்பரையாக ஆளும் பரவேணிப் பங்கா என்று கேட்கவேண்டும். பின்னதை வாங்குபவர் அதனோடு சேர்ந்த கடப்பாட்டையும் வாங்குகின்றார்.

உறுதியின் இறுதியில் நொத்தாரிசு எழுதும் சான்றுரையை எவரும் வாசிப்பதில்லை. உறுதி எழுதுமுன் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது அவர் கடமை. ஆனால் தேடவேண்டாமென்று கட்சிக்காரர் சொன்னால், அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு தேடாமலே எழுதலாம். தேடும் கூலியை மிச்சம் பிடிக்க எண்ணித் தம் வாழ்நாட் சேமிப்பை இழந்தவர்கள் உண்டு. பதிவேட்டுப் பிரதியில் ஈடு, குத்தகை, சீவிய உருத்து, நீதிமன்றக் கைப்பற்று முதலியவை தெரியவரும். தெரியவராதவையும் உண்டு: பதியாத பாதை உரிமை, குடியிருப்பவரின் உரிமை, கள்ளக் கையொப்பம். அற்றோணித் தத்துவத்தின்மேல் ஒருவர் விற்கின்றாராயின், தத்துவம் கொடுத்தவர் உயிரோடிருக்கின்றாரா என்பதை நேரில் விசாரியுங்கள். அவர் இறந்த அன்றே அத்தத்துவமும் பொதுவாக இறந்துபோகும்.

ஆசிரியர் முற்பணம் கொடுக்கவில்லை. விற்பவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். மகன் முதலிற் கோபித்தார். தாய் மகனைப் பிரிக்க வந்தீர்களா என்று கேட்டாராம். பிறகு பின்னறையிலிருந்து அம்மையாரே அழைத்தார். தாம் கையொப்பமிடுவதாகவும், ஆனால் வீடிருக்கும் மிகுதி 32 பேர்ச்சிலும் தமக்குச் சீவிய உருத்தை மகன் எழுதித் தரவேண்டுமென்றும் சொன்னார். அவருக்கென்று வேறொரு சட்டத்தரணியை அமர்த்தும்படி நான் ஆசிரியரிடம் கூறினேன். மகளார் ஒருவர் கம்பளையிலிருந்து வந்து அதனைச் செய்தார். நான்கு மாதங்கள் சென்றன. சீவிய உருத்து உறுதி முதலில் எழுதிப் பதிவாயிற்று. அதன் பின்னரே அம்மையார் இருபது பேர்ச்சுக்குரிய துறப்புறுதியிற் பெருவிரல் அடையாளம் வைத்தார். அதே வாரத்தில் விற்பனையுறுதியும் முடிந்தது. ஆசிரியர் பதிவகத்துக்குத் தாமே சென்று தொகுதியும் பக்கமும் குறித்துக்கொண்டு வந்தார். மறுநாட்காலை, எல்லைக் கற்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நில அளவையாளரை அழைத்துச் சென்றார். கிழக்கெல்லைக் கல் ஒன்று அயலவரின் வாழையடியில் மூடிக் கிடந்ததாம்.